ஊசிக்கு முன் ஒரு கேள்வி

அமெரிக்காவில் மருந்தாளுநரின் உதவியாளரும் தடுப்பூசி போடலாமென 2017-இல் முதன்முதலாக இசைவளித்தது இடாகோ மாநிலம். கொரோனாக் காலத்தில், 2020 அக்டோபரில், நடுவண் அரசு அதனை நாடெங்கும் விரித்தது. கூலிவேலையை விட்டு மருத்துவமனை செல்ல இயலாத ஏழைக்கு, மாலையிலும் திறந்திருக்கும் மருந்துக்கடையே கைக்கெட்டிய வாயில்.

ஊசியால் வருவாய் பெறும் கடை தரும் அறிவுரை அறமாகுமா? கேட்பவரின் அச்சத்தை மதித்தால் ஆகும் என்பேன். கறுப்பின மக்களின் தயக்கம் வெறும் அறியாமையன்று. டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, ஆய்வின் பெயரால், மேகநோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு உரிய சிகிச்சை அளிக்காமல் ஏமாற்றியது அரசின் சுகாதாரத் துறையே! இதனை உணர்ந்த பணியாளர் அவசரப்படுத்தார், "எதற்கு அஞ்சுகிறீர்கள்?" என்று கேட்பார். மறுத்துச் சென்றவர் இரத்த அழுத்த மாத்திரைக்காக மறுபடி வரும்போதும், பெயர் சொல்லியே வரவேற்பார்.