சொன்னவன் யார்? சொன்னது என்ன?

“மது உடலைக் கெடுக்கும் என்றான் ஒருவன். ‘நீயே குடிப்பவன்தானே!’ என்று மறுத்தான் மற்றொருவன். மறுப்பிலுள்ள பிழை யாது?”

போட்டித் தேர்வுக்குப் பயிலும் மாணவர்முன் இவ்வினாவை வைத்தேன். மதுக்கடைக்குப் பஞ்சமில்லாத காரைக்காலில் இப்பேச்சு எவருக்கும் புதிதன்று. விடைதான் வியப்பூட்டியது. “பிழையே இல்லை, குடிகாரனுக்குப் பேச என்ன தகுதி?” என்று பலர் எழுதியிருந்தனர்.

தகுதி வேறு, உண்மை வேறு, தோழர்களே! குடிகாரன் பழித்ததால் மது மருந்தாகிவிடுமா? கருத்தை விட்டுவிட்டு, கருத்துரைத்தவனைத் தாக்குவது வாதமன்று. வாதத்திலிருந்து தப்பியோடும் வழி.

அறிஞரும் அவ்வழியே ஓடியதுண்டு. குழந்தைக் கல்வி பற்றி ‘எமீல்’ என்னும் நூலை 1762-ல் வெளியிட்டார் ரூசோ. பெற்ற பிள்ளைகளையே கைவிட்டவர் அவர் என்று, 1764-ல் தம் பெயரை மறைத்து வெளியிட்ட சிறு நூலில் அம்பலப்படுத்தினார் வால்டேர். ஐந்து குழந்தைகளை அனாதை விடுதிக்கு அனுப்பியது கொடுமைதான். ஆனால், அக்கொடுமை ‘எமீல்’ நூலின் ஒரு கருத்தையேனும் பொய்யென மெய்ப்பித்ததா? இல்லை!

“நான் கண்டேன்” என்று சாட்சி சொல்பவனின் நேர்மையை ஆராயலாம். அங்கே அவன் சொல்லே ஆதாரம். காரணம் காட்டிப் பேசுபவனிடம் காரணத்தையே ஆராய வேண்டும். நமக்கு வடக்கே, புகாரில் பிறந்த மணிமேகலையின் காப்பியம், வாதப் பிழைகளை வகுக்கிறது: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப்போலி 10. கூற்று, காரணம், எடுத்துக்காட்டு ஆகியவையே அங்கே உரைகல், கூறியவனின் குலமன்று.

இவ்வளவும் கற்பிக்கும் நானே இப்பிழையைச் செய்தவன். காரைக்கால் இந்தியாவுடன் சட்டப்படி இணைந்த ஆண்டு 1954 எனக் கரும்பலகையில் எழுதினேன். “அது ஆட்சி கைமாறிய ஆண்டு, சட்டப்படி இணைந்தது 1962-ல், ஐயா” என்றான் கடைசி வரிசை மாணவன். “வீட்டுப்பாடம் எழுதாத நீ என்னைத் திருத்துவதா?” என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் அமர்ந்தான். அவன் சொன்னதே சரி! மறுநாள் அவன் பெயர் சொல்லிப் பலகையைத் திருத்தினேன். ஆனால், அதற்குப்பின் அவன் கை உயரவேயில்லை.

“உன் பிறப்பு என்ன?” என்று கேட்டே கோடி வாய்களை அடைத்த நாடு இது. அக்கேள்வியை வெறுக்கும் நாம், எதிரியின் வாதத்தையும் அவன் பிறப்பைக் காட்டித் தள்ளலாகாது. கருவி அதுவே, கை மட்டுமே மாறியிருக்கிறது.

தேர்வில் விடை காண வழி எளிது: பேசியவன் யார் என்பதை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். எஞ்சிய மறுப்பில் காரணம் இருக்கிறதா? இல்லையேல், அது வெறும் வசை. வாழ்விலும் அவ்விரல் நமக்கு வேண்டும்!