சேவியர் என்றால் புதுவீடு



கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஞாயிறு திருப்பலி முடிந்து சனங்கள் வெளியே வரும்போது, கோவில் வாசலில் நின்று “சேவியர்!” என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டனார் சவிரிமுத்து, பாட்டியார் சவேரியம்மா, பேரன் சேவியர் என்று தலைமுறை தலைமுறையாக இப்பெயர் நம் வீடுகளில் வழங்கி வருகிறது. ஆனால் இப்பெயரின் பொருளை அறிந்தவர் எத்தனை பேர்?

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, நவார் முதலிய பகுதிகளில் பாஸ்க் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழிக்கு அக்கம்பக்கத்து மொழிகளோடு எந்த உறவும் இல்லை. அம்மொழியில் ‘எச்சே’ என்றால் வீடு. ‘பெரி’ என்றால் புதியது. ‘எச்சே பெரி’ என்பதே மருவிச் ‘சேவியர்’ ஆயிற்று. ஆம், சேவியர் என்றால் புதுவீடு!

யாழ்ப்பாணத்து உறுதிகளில் ஒவ்வொரு வளவுக்கும் ஒரு பெயர் இருப்பதுபோல, பாஸ்க் நாட்டிலும் வீடுகளுக்குப் பெயர் உண்டு. அந்த வீட்டின் பெயரே குடும்பத்தின் பெயராகியது. ‘லொயோலா’ என்பதும் அப்படி ஒரு வீட்டின் பெயரே. புனித சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி பிறந்த சேவியர் கோட்டை, அவருடைய தாயார் மரியா அஸ்பில்குவெத்தாவின் வழியாக வந்த சொத்து. தாயின் வீடு மகனுக்குப் பெயரானது. வீட்டைச் சீதனமாகக் கொடுத்துப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பெயரோடு குலச் சின்னமும் இருந்தது. லொயோலா குடும்பத்தின் கேடயத்தில், சங்கிலியில் தொங்கும் ஒரு கொப்பரையும் அதன் இருபுறமும் இரண்டு ஓநாய்களும் காணப்படும். சேவியர் குடும்பத்தின் கேடயத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட பிறை. இந்தச் சின்னங்களை வாசல் நிலைக்கு மேல் கல்லில் செதுக்கி வைப்பார்கள். “நாங்கள் இன்னார்” என்று வருவோர் போவோருக்கு அந்தக் கல் சொல்லும்.

அந்தக் கல்லும் நிலைக்கவில்லை. 1512இல் கஸ்தீலியர் நவாரைக் கைப்பற்றினார்கள். 1516இல் சேவியர் கோட்டையின் மதில்களையும் கோபுரங்களையும் இடித்துத் தள்ளினார்கள். பிரான்சிஸ்குவுக்கு அப்போது வயது பத்து. 1521இல் பம்பலோனாவில் நடந்த போரில் அவருடைய தமையன்மார் ஒரு பக்கம். காலில் காயம்பட்டு விழுந்த இஞ்ஞாசியார் எதிர்ப்பக்கம்.

இழந்த கௌரவத்தை மீட்க வேண்டும் என்ற வேட்கை அந்தப் பையனிடம் வேரூன்றியிருந்ததில் வியப்பென்ன? பாரிஸ் நகரில் படிக்கும் காலத்தில், பம்பலோனா பேராலயத்தில் ஒரு பதவியை அவர் எண்ணியிருந்தார். அதற்காகத் தாம் உயர்குலத்தவர் என்பதற்கு அத்தாட்சி வேண்டி 1531இல் முயற்சி தொடங்கினார். அத்தாட்சி கிடைத்தது 1536இல். அதற்குள் அவர் வேறு மனிதர் ஆகிவிட்டார்.

எப்படி? பாரிஸில் அவர் தங்கிய அறையிலேயே இஞ்ஞாசியாரும் பேதுரு ஃபாபரும் இருந்தார்கள். இந்த ஃபாபர் யார்? சவோய் நாட்டுக் குடியானவர் ஒருவரின் மகன். சிறுவயதில் ஆடு மேய்த்தவர். கேடயமும் இல்லை, கோட்டையும் இல்லை. ஆனால் அந்தக் குழுவில் முதலில் குருவானவர் அவரே. 1534 ஆகஸ்ட் 15ஆம் திகதி மொன்மார்த்தர் குன்றில் எழுவரும் வார்த்தைப்பாடு கொடுத்தபோது திருப்பலி ஒப்புக்கொடுத்தவரும் அவரே. லொயோலா வீட்டுப் பிரபுவும் சேவியர் வீட்டுப் பிரபுவும் ஆட்டிடையனின் கையிலிருந்து நற்கருணை வாங்கினார்கள்! ஓநாய்ச் சின்னமும் பிறைச் சின்னமும் அந்த அப்பத்தின்முன் முழந்தாளிட்டன. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த ஃபாபரையும் புனிதர் என்று அறிவித்தார்.

பின்பு சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மொழிபெயர்ப்பாளர்கள் கைகொடுக்க, பாஸ்க் மொழி பேசிய நாவால் தமிழில் மன்றாட்டுக்களைச் சொல்லிக்கொடுத்தார். 1544இல், அவர் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் யாழ்ப்பாண மன்னனின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய 600 பேர் என்பது மரபு. அவர்களுக்கு ஏது குலச் சின்னம்? புதிதாகப் பெற்ற பெயர் ஒன்றே அவர்களுடைய கேடயம்.

அன்பானவர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம். பிள்ளைக்குச் சேவியர் என்று பெயர் சூட்டுகிறோம். அதே பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது என்ன கேட்கிறோம்? “ஊரிலே எவ்விடம்? எந்தக் கோவிலடி? ஆக்கள் ஆர்?” மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்துகிறோம். அது வெட்கப்பட வேண்டிய கேள்வி என்பது நமக்கே தெரிகிறது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கும் இருவர் ஒரே பந்தியில் இருக்க, குலம் பார்க்க வேண்டுமாம்! சவேரியார் 1536இல் கைவிட்ட அத்தாட்சியை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

1983 ஜூலையை நினைத்துப் பாருங்கள். கொழும்பில் நம்மவர் வீடுகள் எரிந்தன. உறுதிகளும், திருமணப் படங்களும், தாத்தாவின் சான்றிதழ்களும் சாம்பலாயின. உடுத்த உடையோடு ஓடிவந்தவர்கள் கோவில்களிலும் பாடசாலைகளிலும் ஒரே பாயில் படுத்தார்கள், ஒரே பானைச் சோற்றைப் பங்கிட்டார்கள். அன்று “ஆக்கள் ஆர்?” என்று யார் கேட்டார்? சுவர்கள் மீண்டும் எழுந்தபோது அந்தக் கேள்வியும் மீண்டும் எழுந்ததே, அதுதான் வேதனை.

தம் குலப் பெருமைகளை வரிசையாக எண்ணிக் காட்டிய சின்னப்பர், கிறிஸ்துவுக்காக அவையெல்லாம் நட்டம் என்று பிலிப்பியருக்கு எழுதினார். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எழும்பிய ஒவ்வொருவரும் குடிபுகுந்திருப்பது புதுவீட்டில். அங்கே தகப்பன் ஒருவரே.

மார்கழி 3ஆம் திகதி சவேரியார் திருநாள். உங்கள் வீட்டிலுள்ள சேவியரைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவன் பெயரின் பொருளைச் சொல்லுங்கள். நாளைக்கு அவன் விரும்பிய பெண்ணை அழைத்து வரும்போது, பெற்றோரே, அந்தப் பொருளை நீங்களும் மறவாதிருங்கள்.