குதிரை வீரன் கடந்துபோன ஊர்கள்

பதின்பருவத்தில் உயிராக இருந்த ஒரு தேடல் கதையை நடுவயதில் மறுபடி எடுத்துப் படிக்கும்போது மாறியிருப்பது கதை அல்ல. அதில் யாருடைய பக்கம் போய் நிற்கிறோம் என்பதுதான். தமிழில் இதற்கு நல்ல சான்று கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. அதை வரலாற்று நாவல் என்றே வகைப்படுத்துகிறார்கள். ஆனால் மாய உலகக் கதைகளில் என்னென்ன உண்டோ அத்தனையும் பதினான்கு வயது வாசகருக்கு அதில் கிடைத்துவிடுகிறது: ஓலை கொண்டுபோகும் ஒற்றைக் குதிரை வீரன், வால் நட்சத்திரம், ஆரூடம் சொல்லும் சோதிடர், சுரங்க வழி, மந்திரவாதி, கடலுக்கு அப்பால் ஒரு தீவு, அங்கிருந்து அழைத்து வரவேண்டிய இளவரசர். வரலாறு பிற்பாடுதான் வருகிறது, பலருக்கு வராமலும் போகிறது.

நாவல் ‘கல்கி’ இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மணியத்தின் ஓவியங்களோடு தொடராக வந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். அது முடிந்த இரண்டே மாதத்தில், 1954 ஜூலையில், இங்கிலாந்தில் டோல்கினின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகம் வெளிவந்தது. ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத நூல்கள். ஆனாலும் இரண்டிலும் அத்தனை அலைச்சலும் கைவிடுவதற்காகவே. அங்கே மோதிரம் நெருப்பில் போகிறது. இங்கே கைக்கு எட்டிய மகுடத்தை இளவரசர் அருள்மொழிவர்மர் இன்னொருவர் தலையில் வைத்துவிடுகிறார். முதல் வாசிப்பில் இந்த முடிவு பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கும். அத்தனை தூரம் குதிரை ஓட்டி வந்தது இதற்கா என்று தோன்றும்.

நெய்வேலியில் வளர்ந்தவருக்கு இது பக்கத்து ஊர்க் கதை. குதிரை வீரன் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் முதன்முதலாகத் தென்படும் வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம். அதன் வடமுனை சேத்தியாத்தோப்புக்கு அருகில் இருக்கிறது. நகரியத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகாது. சதி பேசப்பட்ட கடம்பூரும் காட்டுமன்னார்கோவில் பக்கம், இதே கடலூர் மாவட்டத்தில்தான். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும் நாவலின்படி அங்கேயே. நெய்வேலி மட்டும் புதியது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது தட்டுப்பட்ட பழுப்பு நிலக்கரியால் 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நாவல் நூலாகக் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ்கள் எழுந்தன.

ஷிப்ட் வேலை பார்க்கும் வீடுகளில் பகலிலும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா எழும்வரை சத்தம் போடக் கூடாது, வெளியே வெயில். தடித்த புத்தகம் படிக்க இதைவிடத் தோதான சூழல் அமைவது கடினம். இதழிலிருந்து கிழித்து பைண்டு செய்த பாகங்கள் வீடு வீடாகச் சுற்றின. நடுவில் ஒரு பாகம் எப்போதும் காணாமல் போயிருக்கும். 1990களின் இறுதியில் கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது. மலிவுப் பதிப்புகள் பெருகின. 1998இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகத் தூக்கிக்கொண்டு போவோரைப் பார்ப்பது சாதாரணமாயிற்று. கண்காட்சி பெரும்பாலும் ஜூலையில், ஆடியை ஒட்டியே நடக்கும். கதை தொடங்கும் பருவமும் அதுதான்.

அந்த வயது வாசிப்புக்கு வேகம் ஒன்றே குறி. வர்ணனைகள் தாண்டப்படும், ஆழ்வார்க்கடியானின் பாசுரங்கள் தாண்டப்படும், மன்னர் சுந்தர சோழரின் நோய்ப்படுக்கை தாண்டப்படும். வந்தியத்தேவன் எங்கே போகிறானோ அங்கே கண்ணும் போகும். அவனும் அதற்கேற்ற ஆள்தான்: ஓரிடத்தில் மூன்று நாள் தங்கமாட்டான். காஞ்சி, கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் அவனுக்காகத் தம் பாதுகாப்பைப் பணயம் வைக்கிறார். அவன் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான். பதினான்கு வயதில் இது கண்ணில் படாது. போகிறவனோடு போய்க்கொண்டிருப்பவருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று தெரியாது.

மறுவாசிப்பில் முடிவு தெரியும். அடுத்து என்ன என்ற பதைப்பு விலகிவிடுவதால் கண் ஓரத்துக்குப் போகிறது. முதலில் நிமிர்ந்து தெரிபவர் பெரிய பழுவேட்டரையர். அறுபதைத் தாண்டியவர், அறுபத்து நான்கு விழுப்புண் பட்டவர், இளம் மனைவி நந்தினியின் பின்னால் அலைபவர். சிறுவயதில் அவர் சிரிப்புக்கும் எரிச்சலுக்கும் உரிய கிழவர். நாற்பதைத் தாண்டிய வாசகருக்கோ, கொள்ளிட வெள்ளத்திலிருந்து தப்பிக் கரையேறி, நந்தினியைப் பற்றிய உண்மையைச் சதிகாரர் வாயாலேயே அவர் கேட்டுவிடும் பகுதி நாவலின் மிக வலுவான பகுதியாகத் தெரியும். தன் வாழ்நாள் உழைப்பு முழுவதும் எதற்குப் பயன்பட்டிருக்கிறது என்பதை ஒரே இரவில் அறிந்துகொள்ளும் மனிதர் அவர். வந்தியத்தேவனுக்கு அப்படி ஓர் இரவு நாவலில் இல்லை.

அடுத்தவள் மணிமேகலை. வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறன், தன் தங்கையான அவளை அவனுக்கு மணமுடிக்கப்போவதாக முன்பு ஆசை காட்டியவன்; பிறகு பெரிய இடத்தில் சம்பந்தம் பேசுகிறோம், அவளை மறந்துவிடு என்கிறான். வந்தியத்தேவன் அதிகம் சிரமப்படாமல் மறந்துவிடுகிறான். வாசகரும் மறந்துவிடுகிறார். அவளோ மறக்கவில்லை, அவனைக் காப்பாற்றக் கரிகாலனைக் கொன்றது தானே என்று சொல்லுமளவுக்குப் போகிறாள். நாவலின் கடைசி அத்தியாயம் அவளுடைய மரணம். ஐந்து பாகத்தையும் மகுடத்தைப் பற்றியதென்று நினைத்துப் படித்தவர், கல்கி கடைசிப் பக்கங்களை யாருக்கு ஒதுக்கினார் என்பதை இரண்டாம் முறைதான் கவனிக்கிறார்.

கரிகாலனைக் கொன்றது யார் என்பதை நாவல் தெளிவாகச் சொல்வதில்லை. ஒருவருக்கு மேற்பட்டோர் தாமே என்கிறார்கள். இளைய வாசகருக்கு இது ஏமாற்று வேலை. ஆனால் வரலாறே அங்கே குழம்பித்தான் கிடக்கிறது. காட்டுமன்னார்கோவிலின் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டு ஒன்று, சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலிய துரோகிகளின் நிலம் பறிக்கப்பட்டதைப் பேசுகிறது. அதற்கு அப்பால் கொலையின் பின்னணி ஊகம்தான். வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி, மகுடம் பெற்ற உத்தம சோழனைச் சந்தேகித்தார், சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்று நம்பும் வயதில் கல்கியின் மௌனம் குறையாகப் படுகிறது. வீட்டுக்குள்ளேயே விடை தெரியாத இரண்டொரு சம்பவங்களைச் சுமந்துவிட்ட வயதில் அது நேர்மையாகப் படுகிறது.

இடமும் வேறு மாதிரி வாசிக்கப்படுகிறது. ஆடிப் புதுவெள்ளம் பொங்கும் வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிறது. நெய்வேலிக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட வளையமாதேவியில், 2023 ஜூலையில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக நெல் நின்ற வயலில் பொக்லைன் இறங்கியது. நிலக்கரிக்காக இடம்பெயர்ந்த கிராமங்கள் பல. சுரங்கம் முன்னேற முன்னேறப் பழைய பாதைகளும் இல்லாமல் போகின்றன. நகரியத்து வாழ்வும் நிலையானதல்ல. பணி ஓய்வு வந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்; பிள்ளைகள் அதற்கு முன்பே சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போயிருப்பார்கள். வளர்ந்த வீட்டில் இன்று வேறு குடும்பம் இருக்கும், வாசலில் நின்று பார்க்கலாம், உள்ளே போக முடியாது. அங்கே படித்த புத்தகத்துக்குள் மட்டும் போகலாம். ஆனால் அதில் இளமை திரும்பக் கிடைக்கும் என்று நம்பிப் போகிறவருக்கு எதிர்பாராத கணக்கு ஒன்று காத்திருக்கிறது: ஊரைவிட்டுப் போனது தாம், நின்றது பிறர்.

மறுவாசிப்பு எல்லாவற்றையும் உயர்த்திவிடும் என்பதில்லை. ஒட்டுக்கேட்டல் அளவுக்கு மீறி நடக்கிறது. சோழநாட்டில் எந்தச் சுவரும் இரகசியம் காப்பதில்லை. தற்செயல்கள் கதையை நகர்த்துகின்றன. வாராவாரம் கொக்கி போட்டு நிறுத்த வேண்டிய கட்டாயம் நூலாகப் படிக்கையில் இழுவையாகத் தெரிகிறது, ஐந்தாம் பாகத்தில் மிகுதியாக. முதல் பாகம் மட்டும் எந்த வயதிலும் சோர்வு தருவதில்லை. நாவல் திடுமென முடிந்ததாக அன்றைய வாசகர்களே குறைப்பட்டதால், பாத்திரங்கள் பின்னர் என்னவானார்கள் என்று கல்கி ஒரு முடிவுரை எழுதவேண்டி வந்தது. பிடித்த புத்தகத்தை மறுபடி தொடவே மாட்டோம் என்று இருப்பவர்கள் இத்தகைய குறைகளுக்கு அஞ்சியே இருக்கிறார்கள். அவர்கள் இழப்பது பழுவேட்டரையரையும் மணிமேகலையையும். அது பெரிய இழப்பு.

இன்றைய பிள்ளைகள் வேறு வழியில் வருகிறார்கள். 2022இலும் 2023இலும் வெளியான மணிரத்னத்தின் இரு படங்களைப் பார்த்துவிட்டு நாவலை எடுப்பவர்களுக்கு மகுடம் யாருக்குப் போகும் என்பது முன்பே தெரியும். அவர்களுடைய முதல் வாசிப்பே பாதி மறுவாசிப்பு. படத்தில் மணிமேகலை இல்லை என்பதால், பெற்றோர் இருபது ஆண்டு கழித்துக் கவனித்த அந்தப் பெண்ணை அவர்கள் முதல் தடவையிலேயே நிறுத்தி நிதானமாகப் படிக்கிறார்கள்.