இரண்டு மேஜைகள்

பொங்கல் விடுமுறையில் அண்ணனூரில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்திய சிறு கண்காட்சிக்கு அட்டைகள் எழுதிவைத்தவன் நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. ஒரு மேஜைமீது ‘கலை’, மற்றதன்மீது ‘கைவேலை’. முதலாவதில் சட்டமிட்ட படங்கள். இரண்டாவதில் ஒயர் கூடைகள், கொலு பொம்மைகள், மணி கோத்த தோரணங்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. மறுநாள் மாலைதான் கூடை பின்னியிருந்த அம்மாள், சண்டைக்கு வராமல், விவரம் தெரிந்துகொள்கிற குரலில் கேட்டார்: “ஏன் சார், என்னுது இந்தப் பக்கம்?”

“இது விக்கிறதுக்குன்னு செஞ்சது இல்லீங்களாம்மா” என்றேன். உடனே சரி என்று தலையாட்டினார். அவர் ஒப்புக்கொண்ட வேகம்தான் என்னை உறுத்தியது.

விலைச்சீட்டு இருந்தால் கைவேலை, இல்லாவிட்டால் கலை என்கிற அளவுகோல் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வயிற்றுக்கு ஓர் உத்தியோகம், ராத்திரியில் கவிதை. இரண்டும் ஒன்றையொன்று தொடாதவரை கவிதைக்குத் தீட்டில்லை என்று நம்பி வருகிறோம். வங்கி குமாஸ்தாவான எனக்கு இந்த நம்பிக்கை மிகவும் சௌகரியமானது. எலியட் 1917லிருந்து 1925வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்ததைச் சமயம் வாய்த்தபோதெல்லாம் சொல்லிக்கொள்ளாத இலக்கிய குமாஸ்தா உண்டா? 1922ல் எஸ்ரா பவுண்ட், முப்பது பேரிடம் ஆளுக்கு வருஷம் 10 பவுண்ட் வசூலித்து அவரை வங்கியிலிருந்து மீட்கத் திட்டம் போட்டார். எலியட்டுக்கு அது கூச்சமாகத்தான் இருந்தது. இந்தக் கதையை நான் என் நாற்காலிக்கான நியாயமாகவே இத்தனை நாளும் வாசித்து வந்திருக்கிறேன்.

இஞ்சம்பாக்கத்தில் இந்த நியாயம் செல்லுபடியாவதில்லை. சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு அறுபதுகளில் இருந்த பிரச்னை எளிமையானது: ஓவியம் பயின்று வெளியேறுகிற பையன் எதைத் தின்று ஓவியனாக இருப்பது? புரவலரைத் தேடிக் காத்திராமல், கைவினைப் பொருள்கள் செய்து விற்பது என்று அவரும் மாணவர்களும் முடிவெடுத்தார்கள். உருக்கிய மெழுகால் துணியில் கோடிட்டுச் சாயத்தில் தோய்க்கிற பாத்திக் அவற்றில் முக்கியமானது. விற்ற பணத்தில் மாமல்லபுரம் சாலையில் கடலோர மணலில் நிலம் வாங்கி, 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். நம்முடைய நவீன ஓவியத்தின் ஒரு பெரும் பகுதி, விலைச்சீட்டு கட்டிய பொருள்கள் வாங்கித் தந்த மண்ணில் நின்றது. என் இரண்டு அட்டைகளை அங்கே எந்தக் கையின்மீது ஒட்டுவது?

இதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. வங்கி என் வாக்கியத்தைக் கேட்பதில்லை. பாத்திக் துணியோ ஓவியனின் கோட்டையே கேட்கிறது. வாங்க வருபவர் முகம் சுளிக்காத கோடு எது என்பதைக் கை சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடும். பிறகு மறப்பது கஷ்டம். என்றாலும் பணிக்கர் 1963லிருந்து வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையின் முன் நிற்கும்போது இந்தப் பயம் சிறுத்துப்போகிறது. ஜாதகக் கட்டங்கள் போலவும் கணக்கேடு போலவும் மலையாள எழுத்துப் போலவும் இருக்கும். படிக்கப் போனால் படிக்க முடியாது. எதுவும் நேராகாத ஒரு பேரேடு! கை தனக்குத் தெரிந்த வடிவத்தை விட்டுவிட்டு, முடிவு தெரியாத ஓர் இடத்துக்குப் போயிருக்கிறது.

கலைஞன், கைவினைஞன் என்று பிரிப்பதே நவீன காலத்தின் நோய் என்பது ஆனந்த குமாரசாமியின் பார்வை. என்னால் முழுக்க உடன்பட முடியவில்லை. எல்லாம் ஒன்றுதான் என்பது பெருந்தன்மையாக இருக்கலாம், ஆனால் அதற்குப்பின் விமர்சகன் செய்ய வேலை எதுவும் இல்லை. வித்தியாசம் இருக்கிறது. அதை நான் பொருளில் தேடாமல் விலைச்சீட்டில் தேடியிருந்தேன்.

கடைசி நாள் அந்தக் கண்களோடு மேஜைகளைப் பார்த்தேன். ‘கலை’யில் நான்கு படங்கள் காலண்டரைப் பார்த்து வரைந்த பனிமலைகள், ஆவடியைத் தாண்டாதவர் வரைந்தவை. ‘கைவேலை’யிலும் பெரும்பாலானவை அச்சில் வார்த்த மாதிரி ஒரே சிவன் கண் முடிச்சுக் கூடைகள். ஒன்றே ஒன்று மட்டும் வேறாக இருந்தது. முக்கால் உயரத்தில் பச்சை ஒயர் நின்றுபோய் ஒரு கருஞ்சிவப்பு ஏறுகிறது. ஏறிய இடத்தில் முடிச்சும் மாறி, நேராக வந்த வரிசை சாய்ந்து, கைப்பிடி வரை சாய்வாகவே போய் முடிகிறது. நிறம் தீர்ந்ததற்கு முடிச்சு ஏன் மாற வேண்டும்? அந்தச் சாய்வை யாரும் கேட்டிருக்க முடியாது. ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

“பச்சைக் கட்டு தீந்துபோச்சு சார். அதான் அம்பது ரூபா கொறைச்சுப் போட்டிருக்கேன்.”

அந்தச் சாய்வைப் பற்றி அவரிடம் சொல்ல என்னிடம் இருந்த வார்த்தைகள் எல்லாமே இந்தப் பக்கங்களில் எழுதுகிற வார்த்தைகள். இந்தக் கூடைக்குத்தான் விலை கூட என்றாவது சொல்லியிருக்கலாம். சீட்டைப் பார்த்து, குறைத்த விலையையே எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.