புயலுக்குப் பொறுப்பு யார்?

மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் சூறாவளிக்காற்று வீசக்கூடும், இடையிடையே 65 கி.மீ. வரை போகலாம், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். வங்கக்கடலிலோ அரபிக்கடலிலோ ஏதாவது ஒரு மூலைக்கு வானிலை ஆய்வு மையம் இப்படி அறிவித்துக்கொண்டேதான் இருக்கிறது. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன இந்த வாசகம் இறையியலின் மிகப் பழைய வழக்கொன்றில் தலையிடுகிறது. கருணையுள்ள கடவுள் புயலை ஏன் விடுகிறார் என்பதே அந்த வழக்கு.

1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர்கள் பெருவிழா. லிஸ்பன் நகரத் தேவாலயங்கள் நிரம்பி வழிந்த காலை வேளையில் நிலம் குலுங்கியது. பின்னாலேயே கடல் ஏறி வந்தது. எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை வோல்டேர் ஒரு கவிதையில் கிழித்துப் போட்டார். மறு ஆண்டு அவருக்கு எழுதிய கடிதத்தில் ரூசோ பேச்சை வேறு பக்கம் திருப்பினார்: ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையா?

நிலநடுக்கத்தை இன்றும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. புயலைச் சொல்லலாம். அதனால் ரூசோவின் கேள்வி கடலில்தான் அதிகம் உறைக்கிறது.

ஒடிசாவை 1999-இல் தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2013-இல் பைலின் புயல் அதே மாநிலத்தின் கரைக்கு வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். பலி 50-ஐத் தொடவில்லை. பைலினின் வேகம் சற்றுக் குறைவுதான். ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காற்றின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அப்படியானால் 1999-இல் இறந்தவர்களில் எத்தனை பேரைக் கடவுளின் சித்தத்தில் சேர்ப்பது?

ஒக்கி புயலில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. 2017 நவம்பர் 29 காலை இலங்கைக்குத் தென்கிழக்கே இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலை குமரிக்கடலில் புயலாகிவிட்டது. அன்று புனித அந்திரேயாவின் திருநாள், அவரும் மீனவர். குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார விசைப்படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவை. செல்போனும் சாதாரண வயர்லெஸ்ஸும் எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. குமரியிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் கரை திரும்பவில்லை.

கலிலேயாக் கடலில் இயேசு காற்றை அதட்டி அடக்கியது இக்கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் டிசம்பர் 7 அன்று அந்தச் சனம் குழித்துறை ரயில் நிலையத்துக்குத் திரண்டு போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. காணாமல்போனவர்களைத் தேடச் சொல்லி அரசிடம் கேட்டது. இது அவநம்பிக்கை அல்ல. கடவுளிடம் கேட்க வேண்டியது எது, கலெக்டரிடம் கேட்க வேண்டியது எது என்று அவர்களுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. இறையியல் வகுப்பில் இதைப் புரியவைக்க ஒரு பருவம் ஆகும்.

2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுக்கும் எச்சரிக்கை சேர்ந்தது; படகிலிருந்து பதில் அனுப்பத்தான் வழியில்லை. இருவழியில் பேசும் டிரான்ஸ்பாண்டர்கள் பிறகு வந்தன. செய்தி சேரச் சேர, பழியும் இடம் மாறுகிறது. சொன்னோமே, ஏன் போனான் என்று கேட்பது இப்போது சுலபம். விவிலியத்தில் துன்பத்தில் வீழ்ந்த யோபுவிடம் அவருடைய நண்பர்கள் பேசியதும் ஏறக்குறைய இதுதான்: நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், இல்லாவிட்டால் உனக்கு ஏன் இது வந்தது? முன்பு கடவுளைக் காப்பாற்றப் பயன்பட்ட வாதம் இனி அலுவலகங்களைக் காப்பாற்றும்.

முன்னறிவிப்பு பேசுவது பரந்த கடற்பரப்புக்கு, அதுவும் வாய்ப்புக் கணக்கில். படகோட்டியின் கணக்கு வேறு. டீசலும் ஐஸும் கடனுக்கு ஏற்றியாயிற்று. தூண்டில் போடும் முன்னே திரும்பச் சொல்கிறார்கள். திரும்பிய பின் கடல் சாதுவாகக் கிடந்தால் நட்டம் முழுக்க அவன் தலையில். அந்த நட்டத்தை ஈடுகட்ட ஏற்பாடு இல்லாதவரை, கடலிலேயே தங்கிவிட்டவனின் முடிவை அவனுடைய சுதந்திரத் தேர்வு என்று எந்த அறநூலை வைத்துச் சொல்வது?