கட்டிப்போட்ட கரடியும் காடு கலைத்தவனும்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் என் அத்தை மகன் போன மாதம் ஒரு ராத்திரி போன் செய்தான். "மாப்ள, ஆகஸ்ட் கடைசியில மெய்ன் மாநிலத்துக்குப் போறேன், கரடி சுட" என்றான். கூட வேலை பார்ப்பவர்களோடு இரண்டு வருடமாக உள்ளூரில் மான் வேட்டைக்குப் போய்வந்தவன். மாநிலம் தாண்டி வேட்டைக்குப் போவது இதுதான் முதல்தடவை. அதற்கு எத்தனை ஏற்பாடு! வெளிமாநிலத்தானுக்கென்று தனி லைசென்ஸ், அதற்குமேல் கரடிக்கென்று தனி அனுமதி, பாதுகாப்பு வகுப்பில் தேறிய சான்றிதழ், ஒரு வாரத்துக்கு வழிகாட்டி, தங்குவதற்கு மரவீடு. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகிறதாம். கறி கொண்டுவர ஐஸ் பெட்டிகூட வாங்கிவிட்டான். கரடிக்கறியில் ஒருவகைப் புழு இருக்கும், நன்றாக வேகவைக்காமல் தின்றால் ஆபத்து என்பது வரைக்கும் படித்து வைத்திருக்கிறான்.

அங்கே இருப்பது கருங்கரடி. வேட்டை நடக்கிற விதத்தையும் அவனே சொன்னான். சீசனுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வழிகாட்டி காட்டுக்குள் ஒரு பீப்பாயை வைத்து, பழைய டோனட், காய்ந்த ரொட்டி, சர்க்கரைப் பாகு, பொரித்து மிஞ்சிய எண்ணெய் என்று கொட்டிக்கொண்டே இருப்பார். கரடி வந்து வந்து பழகும். ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை சீசன் தொடங்கும். பணம் கட்டியவர் பீப்பாயிலிருந்து பதினைந்து இருபது கஜ தூரத்தில் மரத்தில் கட்டிய பரணில் ஏறி அசையாமல் உட்கார வேண்டும். அவ்வளவுதான். மெய்னில் கொல்லப்படும் கரடிகளில் பெரும்பாலானவை இப்படி இரை வைத்துக் கொல்லப்படுபவைதான்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் தாத்தா, எனக்கு அப்பாவின் அப்பா, அவனுக்கு அம்மாவின் அப்பா, காடு கலைக்கப் போனவர். பண்ணையார் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சேரிக்கு ஆள் வரும். தப்பை எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் மலையடிவாரப் புதருக்குள் வரிசையாக நுழைய வேண்டும். அடிக்கிற அடியில் பன்றி கிளம்பி துப்பாக்கி இருக்கும் பக்கம் ஓட வேண்டும். திரும்பி இவர்கள் பக்கம் வந்தால் இவர்கள் கையில் இருப்பது தப்புக் குச்சி. தாத்தாவின் தொடையில் பன்றி கிழித்த தழும்பு ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. சின்னப் பிள்ளையில் நாங்கள் இரண்டு பேரும் அதில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறோம். சுட்டவருக்குப் போட்டோ. தொடைக்கறி பங்களாவுக்கு. கலைத்தவர்களுக்குக் குடல். "கொடல அலசித் திங்கத் தெரிஞ்சவனுக்குத்தான்டா ருசி தெரியும்" என்பார் தாத்தா. ருசியைப் பற்றித்தான் சொன்னாரா என்று இப்போது யோசிக்கிறேன்.

அந்த மனுசனின் பேரன் பரணில் ஏறி உட்காரப் போகிறான். சந்தோஷப்படாமல் என்ன செய்வது? ஆனாலும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

உயிரைக் கொல்லலாமா என்பதல்ல என்னைத் தொந்தரவு செய்த கேள்வி. தின்பதை வைத்து மனிதனைத் தீட்டு என்று ஒதுக்கிய கூட்டம் பேசுகிற ஜீவகாருண்யம் நமக்கு வேண்டாம். மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அம்பேத்கர் 1948-ல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் எழுதிவிட்டார். நாம் கறி தின்கிற சனம். உரிக்கிற வேலையையும் நம் தலையிலேயே கட்டியிருந்ததால் கறி எங்கிருந்து வருகிறது என்பது நமக்கு நன்றாகவே தெரியும். என் கேள்வி வேறு. ஒரே வேட்டையில் எந்த வேலை வீரம், எந்த வேலை ஊழியம் என்று பிரித்தது யார்? அந்தப் பிரிவினையில் இடம் மாறி உட்கார்வதற்குப் பெயர்தான் விடுதலையா?

இரை வைப்பதைப் பற்றி அங்கேயே பெரிய சண்டை. மச்சான் குடியிருக்கும் மாசசூசெட்ஸில் இரை வைத்தோ நாய் விட்டோ கரடி வேட்டையாடக் கூடாது. 1996-ல் சனங்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த தடை. கொலராடோ 1992-லும் ஆரிகன் 1994-லும் இதேபோல் தடை செய்தன. மெய்ன் சனங்களோ 2004, 2014 என்று இரண்டு ஓட்டெடுப்பிலும் தடை வேண்டாம் என்றார்கள். சில மணி நேரம் காரோட்டினால் அதர்மம் தர்மமாகிவிடுகிறது. (தெருவுக்குத் தெரு நியாயம் மாறுகிற நாட்டில் பிறந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது!) இரை வைப்பவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கரடி பக்கத்தில் வந்து நிற்பதால் குட்டியோடு இருக்கும் தாயா என்று பார்த்து விட்டுவிடலாம். குறி தப்பிக் காயத்தோடு ஓடிச் சாகவிடாமல் ஒரே குண்டில் முடிக்கலாம். அதை நான் தள்ளவில்லை. ஆனால் குளிர்காலத்தை உறங்கிக் கழிக்க வேண்டிய பிராணி, அதற்கு முந்தைய மாதங்களில் பேய்ப்பசியில் அலைகிறது. ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்கிறது. அந்தப் பசியைத்தான் பிடித்து இழுக்கிறார்கள். பசியை வைத்து ஆள் பிடிப்பது எப்படி என்று நமக்குப் பண்ணை வீட்டுக் களத்துமேடு சொல்லிக்கொடுத்திருக்கிறது. இதைச் சொன்னபோது மச்சான் சிரித்தான். "கசாப்புக் கடைக்கு ஆட்டை எப்பிடிடா ஓட்டிட்டுப் போறாங்க? தழையக் காட்டித்தான." எனக்குப் பதில் இல்லை.

அவனிடம் ஹோல்ட் கோலியரின் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் இத்தனை வருடம் இருக்கிறவன், அந்தப் பேரைக் கேள்விப்பட்டதில்லை.

1902 நவம்பரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பிக்குக் கரடி வேட்டைக்குப் போனார். நியூயார்க்காரரான அவருக்கும் அது வெளிமாநில வேட்டைதான். வழிகாட்டியாகப் போன கோலியர், அடிமையாகப் பிறந்த கறுப்பர். மூவாயிரம் கரடிகளுக்கு மேல் கொன்றவர் என்று பேர். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தெற்குப் படையோடு இருந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். வரலாறு நம் சௌகரியத்துக்கு நடப்பதில்லை. ஜனாதிபதியை ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டு, நாய்களை விட்டுக் கரடியை அங்கே விரட்டிக் கொண்டுவந்தார் கோலியர். ஜனாதிபதி அங்கே இல்லை. முகாமுக்குச் சாப்பிடப் போயிருந்தார். கரடி நாயைக் கொன்றது. கோலியர் நினைத்திருந்தால் சுட்டிருக்கலாம். ஆனால் கரடி ஜனாதிபதிக்கு உரியது. அதனால் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்து, கயிறு போட்டு மரத்தில் கட்டினார். வந்து பார்த்த ரூஸ்வெல்ட், கட்டிப்போட்டதைச் சுட மாட்டேன் என்றார். இந்த நேர்மைக்கு நியதி வகுத்த 'பூன் அண்ட் கிராக்கெட்' வேட்டைச் சங்கத்தை 1887-ல் தொடங்கியவரும் அவரே. பிறகு கரடியின் அவஸ்தையைத் தீர்க்கச் சொன்னார். கத்தியால் தீர்த்தார்கள்.

வாஷிங்டன் போஸ்டில் பெர்ரிமன் இதைக் கார்ட்டூனாகப் போட்டார். புரூக்ளினில் மிச்டம் தம்பதியர் பொம்மை செய்து விற்றார்கள். உலகத்துப் பிள்ளைகளெல்லாம் கட்டிப்பிடித்துத் தூங்கும் 'டெடி' கரடிக்கு ஜனாதிபதியின் பேர் கிடைத்தது இப்படித்தான்.

ரூஸ்வெல்ட் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. கட்டிப்போட்டதைச் சுடாமல் இருந்தது நல்லதுதான். ஆனால் கரடி ஒன்றும் குறைவாகச் சாகவில்லை. கயிறு பிடித்த கை, நாயைப் பறிகொடுத்த கை, ரத்தமான கத்தி, இதெல்லாம் இல்லாமல் அந்தக் கருணைக்கு மேடையே கிடையாது. சுட்டால் வீரன், சுடாவிட்டால் கருணையாளன். இரண்டு புகழும் பரணில் இருப்பவனுக்கே. காடு கலைத்தவனுக்குச் சுடாமல் விடுகிற பெருந்தன்மைகூடக் கிடையாது, ஏனென்றால் சுடும் உரிமை அவனுக்கு இல்லை. 1907-ல் லூசியானாவில் ரூஸ்வெல்ட் கரடி சுட்டபோதும் கோலியர் கூட இருந்தார். மிசிசிப்பியில் ஒரு வனவிலங்குப் புகலிடத்துக்குக் கோலியரின் பேரை வைத்தது 2004-ல். பொம்மைக்குப் பேர் வைக்க அத்தனை காலம் ஆகவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கோபமாகவே கேட்டான். "அப்ப நான் சாகுற வரைக்கும் தப்பு அடிக்கிற பக்கமே நிக்கணுமா? அடிச்சது போதாதா?"

நியாயமான கோபம். அதோடு அவன் சொன்ன இன்னொரு விஷயம் என் வாதத்தையே புரட்டிப் போட்டது. அவனுடைய வழிகாட்டி வெள்ளைக்காரர். அறுபது வயது. முன்பு காகித ஆலையில் வேலை பார்த்தவர். வடக்கு மெய்னில் ஆலைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. மில்லினாக்கெட்டில் 2008-ல் மூடினார்கள், பக்கத்து ஈஸ்ட் மில்லினாக்கெட்டில் 2014-ல். இரை வைத்து வேட்டையாடத் தடை வந்தால் சோறு போய்விடும் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் பயந்ததும் இதனால்தான். "டோனட் மூட்டையத் தூக்கிட்டுத் தெனமும் காட்டுக்குள்ள நடக்குறாரு மாப்ள. என்னை சார்ங்குறாரு" என்றான். அந்த 'சார்' என்ற சொல்லை அவன் உச்சரித்த விதம் எனக்குப் புரிந்தது. இரண்டாயிரம் டாலரில் எவ்வளவு கரடிக்கு, எவ்வளவு அந்த ஒரு சொல்லுக்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அந்தச் சொல்லை ஒருநாளும் கேட்காமல் செத்துப்போன எங்கள் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அந்த வெள்ளைக்காரர் மேல் பரிதாபமும் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில்.

பயணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: ஒரு வாரம் முன்னாலேயே போய் அந்த மூட்டையில் பாதியை நீ தூக்க முடியுமா?

"லீவு கெடைக்காதே" என்றான். பிறகு, "கேட்டுப் பாக்குறேன். கறியில எந்தப் பங்கு வேணும்னு மொதல்ல அவர்கிட்டயே கேக்கணும்" என்றான்.

"தொடையக் கேட்டார்னா?"

"குடுத்துருவேன்."

போனை வைக்கப் போனவன் திடீரென்று கேட்டான், தாத்தாவுக்குத் தழும்பு இருந்தது வலது தொடையா, இடது தொடையா என்று. எனக்கு ஞாபகம் வரவில்லை. அத்தையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.