மருந்தும் மயக்கமும்: கஞ்சா குறித்த ஓர் அறவியல் நோக்கு

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரமாகவும் மருந்து 95ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. இடையில் சூது நிற்கின்றது. மயக்கும் பொருள் வேறு, நோய் தீர்க்கும் பொருள் வேறு என்னும் எண்ணத்தை இவ்வைப்புமுறை எளிதில் தோற்றுவிக்கும். ஆயின் ஒரே செடி இவ்விரு அதிகாரங்களுக்கும் உரியதாகும்பொழுது அறத்தின் எல்லையை எங்ஙனம் வரையறுப்பது? கஞ்சா எழுப்பும் வினா இதுவே.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் செடியின் உறுப்பைக் கொண்டு எல்லை வகுக்கின்றது. பூங்கதிரும் பிசினும் அதன் வரையறைக்குள் அடங்கும். பூங்கதிர் சேராத தனி இலை அடங்காது. ஆகவேதான் வட இந்தியாவில் ஹோலியின்போது இலையை அரைத்துப் பாலில் கலந்து பருகும் பாங்கு இன்றும் வழங்குகின்றது. அது மயக்கத்திற்காகவே பருகப்படுகிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கும் அச்சட்டம் விலக்களிக்கின்றது. உறுப்பு ஓர் அளவுகோல், நோக்கம் மற்றோர் அளவுகோல். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

வேதியியல் இச்சிக்கலைத் தீர்க்கும் எனக் கருதுவோர் உளர். மயக்கம் தராத கன்னாபிடியால், குழந்தைகளுக்கு வரும் அரிய வலிப்பு நோய் வகைகளுக்கு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டமை அவர்தம் சான்று. ஆனால் மயக்கம் தரும் டி.எச்.சி. என்னும் கூறே, செயற்கையாக ஆக்கப்பெற்று, புற்றுநோய் மருத்துவத்தால் விளையும் குமட்டலைத் தணிக்க அந்நாட்டில் 1985இலேயே ஏற்கப்பட்டது. எனவே வேறுபாடு மூலக்கூறிலும் இல்லை.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாக வள்ளுவர் பகுப்பது இவண் நோக்கத்தக்கது. மருந்து அந்நான்கனுள் ஒன்று மட்டுமே. நோயின் அளவும் காலமும் அறிந்து கொடுப்பவர், பக்கத்திலிருந்து பார்ப்பவர், போதும் என நிறுத்துபவர் ஆகியோர் இருக்கும்பொழுதே பொருள் மருந்தாகின்றது. சித்த மருத்துவத்தில் கஞ்சா சுத்தி செய்யப்பட்டே சேர்க்கப்படுவதும் இவ்வுணர்வின் பாற்பட்டதே. களிப்பிற்காகப் புகைக்கும் இளைஞனிடம் எத்தனை நாள், எவ்வளவு எனக் கேட்பார் இல்லை. இளமையில் தொடங்கி மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்கு மனநோய் வாய்ப்பு மிகும் என்பதோ ஆய்வுகள் பலவற்றின் முடிபு.

எனினும் இவ்விளக்கத்திற்கு அடங்காதான் ஒருவன் உண்டு. 1893இல் அமைக்கப்பெற்று 1,193 சாட்சிகளை விசாரித்த இந்தியக் கஞ்சா ஆணையம், 1894இல் அளித்த அறிக்கையில், பல்லக்குச் சுமப்போரும் கூலியாட்களும் உடல் அலுப்பைத் தணிக்கக் கஞ்சாவை நாடியதைப் பதிவு செய்தது. அவனுடைய வலி மெய்யானது. ஆகவே களியாட்டக்காரன் எனல் முறையன்று. அளவு சொல்வார் எவருமிலர். ஆகவே மருந்துண்டான் எனலும் பொருந்தாது. அவனிடம் இருந்தவை நோயும் பொருளும் மட்டுமே. ஏனைய இரண்டும் அவனுக்குக் கிட்டாமற் போனதற்கு அவனைக் குற்றவாளியாக்குவது எளிது. இன்றும் சிறு அளவுடன் பிடிபடும் ஏழைத் தொழிலாளிக்கு நேர்வது அதுவே. நான்கு கூறுகளுள் இரண்டை அவனுக்கு வழங்கத் தவறியோர் யார் என்பதை உறுப்பையும் நோக்கத்தையும் மட்டும் காணும் சட்டம் வினவுவதில்லை.